பாவு நூல், எட்டுச் சுற்று

மார்ச் 11, செவ்வாய்

வெயில். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீடு. கேஸ் சிலிண்டர் ஏற்றக் கூடாது என்றார் கண்டக்டர். கேஸ் இல்லை, வெறும் காற்றுதான் என்றேன். காஞ்சிபுரத்தில் காற்று இல்லையா, மெட்ராஸிலிருந்து ஏன் சுமந்துகொண்டு போகிறாய் என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு எரிச்சல்.

நடந்ததை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றும். போன சனிக்கிழமை, துறைமுகம். கப்பலின் அடிப்பகுதியில் பாசி சுரண்டும் வேலை. கூட வேலை செய்யும் ஸ்டீபன் தண்ணீருக்குக் கீழே, நான் படகில் கயிறு பிடித்தபடி. இறங்கி இருபது நிமிடம் இருக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் மூச்சை இழுத்தால் காற்றுக்குப் பதில் உப்புத் தண்ணீர். அலறிப் புடைத்துக்கொண்டு மேலே வந்தான். வலது காதில் ரத்தம். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரில், வாயால் கடிக்கிற ரப்பரைக் காணோம்.

மேனேஜர் சொல்வது: பயத்தில் பிய்த்து எறிந்துவிட்டான், பயந்தாங்கொள்ளிக்குக் கடலில் வேலை இல்லை.

ஸ்டீபன் சொன்னது: "நான் எங்க உட்டேன்? கடிச்சிக்கினுதான் இருந்தேன்."

முங்குகிற செட்டுகளைக் கழுவிப் பழுது பார்ப்பது நான். திங்கட்கிழமைக்குள் சோதித்து எழுதித் தர வேண்டும். கருவியில் குறை இல்லை என்றால் ஸ்டீபனுக்கு வேலை போச்சு.

மார்ச் 12, புதன்

புழுக்கம். தலைவலி. ரெகு.வை முழுக்கப் பிரித்தேன்.

ஓ-ரிங் – எல்லாம் சரி.
ரப்பர் சவ்வு – கிழிசல் இல்லை.
ஸ்பிரிங் – துரு இல்லை.
ஹோஸ் – வெடிப்பு இல்லை.

புது ரப்பர் இருக்கிறது, அதை இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் டை இல்லை. காந்தி ரோடு எலக்ட்ரிக் கடையில் ரெகுலேட்டருக்கு ஒரு டை என்றேன். கடைக்காரர் ஃபேன் ரெகுலேட்டரை எடுத்து வைத்தார். இது கடலுக்கடியில் மூச்சு விடுகிற ரெகுலேட்டர் என்று விளக்கினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அஞ்சு பாயிண்ட்டு வெச்சதா?" என்றார்.

டை வாங்கித் திரும்பும்போது பாதித் தெருவில் நின்றுவிட்டேன்.

போன தடவை செட்டுகளை வீட்டில் கழுவினேனே, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டீபன் செட்டில் டை அறுந்திருந்தது. கடை மூடி. வீட்டுத் தறியோரம் தொங்கிய மிச்சப் பட்டு நூலை எடுத்து எட்டுச் சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். குறடால் இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம் மறந்தே போனேன்.

பட்டு அறுமா? அறாது. அதுவாக இருக்காது.

புது டை மாட்டி, சிலிண்டரில் இணைத்து, பக்கெட் தண்ணீரில் முக்கி உறிஞ்சினேன். ஐம்பது தடவை. ஒரு சொட்டு வரவில்லை. எனக்கு ஆஸ்துமாவா என்று என் மனைவி மலரிடம் பக்கத்து வீட்டில் விசாரணை.

மார்ச் 13, வியாழன்

மலர் தறியில். பட்டு நூல் தண்ணீரில் அறுமா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அறாது என்றாள். அப்பாடா என்றிருந்தது. எந்த நூல் என்று கேட்டாள். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல், மிச்சம் தொங்கியது என்றேன். தறியில் அவள் கை நின்றுவிட்டது.

"பாவுக்குக் கஞ்சி போட்டிருக்குதுங்க. காய்ஞ்சி இருந்தா முடிச்சி கம்பியாட்டம் நிக்கும். ஊறிச்சின்னா வழுக்கிக்கினு வந்துடும்."

கஞ்சி போடாத, குறுக்கே ஓடுகிற ஊடை நூலில் கட்டியிருக்கலாமே என்றும் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

டம்ளரில் உப்புத் தண்ணீர். அதே நூல், அதே முடிச்சு. இருபது நிமிடம். விரலால் லேசாகத் தள்ளினேன். நகர்ந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் இந்த வீட்டில் கஞ்சி வாசனையோடுதான் சாப்பிடுகிறேன். எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 14, வெள்ளி

எழுதிப் பார்த்தேன்: "ரெகுலேட்டரைச் சோதித்தேன். குறை எதுவும் இல்லை." ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நூல் கடலுக்கடியில். யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு தடவை படித்தேன். பிடித்திருந்தது. அதை நினைத்தால்தான் கூசுகிறது.

இன்று செய்தவை: சைக்கிளுக்கு எண்ணெய். வரதராஜர் கோயில் வரை நடை, உள்ளே போகவில்லை. மறுபடி சைக்கிளுக்கு எண்ணெய்.

மலர்: "ஸ்டீபன் அண்ணனைப் போயி பாத்தீங்களா?"

நாளைக்கு என்றேன்.

மார்ச் 15, சனி

ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை. ஸ்டீபன் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

காதில் பஞ்சு. "இந்தப் பக்கம் உக்காருபா" என்று இடது பக்கம் காட்டினான். டை அறுந்தது, நூல், கஞ்சி, டம்ளர் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுந்து போய் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் கவிழ்த்தான்.

ரப்பர். அதில் பல் பதிந்த தடம். நெகிழ்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டு அரக்கு நிறப் பட்டு நூல்.

"பல்லுலயேதான் இருந்திச்சி. மேல வந்ததும் துப்பி சட்டைக்குள்ள போட்டுக்கினேன். உங்க ஊட்டுத் தறி நூல் எனக்குத் தெரியாதா?"

ஏன் மேனேஜரிடம் காட்டவில்லை என்றேன்.

"நீ வருவேன்னு ஒரு வாரமா வாசலையே பாத்துக்கினு இருந்தேன். வரலைன்னா திங்கக்கெழம நானே எடுத்துக்கினு போயிருப்பேன்."

டீ கொடுத்தார்கள். ஆறும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

முதல் பஸ். மேகமூட்டம். அதே கண்டக்டர். காற்றைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாயா என்றார். ஆமாம் என்றேன்.

அறிக்கை நாலு வரி. டை இல்லாமல் நூலால் கட்டியது நான். கஞ்சி போட்ட நூல். தண்ணீரில் நெகிழ்ந்தது. ஸ்டீபன் வாயிலிருந்து எதையும் விடவில்லை.

ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரப்பர் சட்டைப் பையில், நூலோடு. ஸ்டீபனும் வந்திருக்கிறான், வரச் சொல்லவில்லை. எனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறான், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி.

கூப்பிடுகிறார்கள்.