மிசிசிப்பியைப் பற்றி நீ எழுதிய பத்தி

இன்று காலை அலுவலகக் கூட்ட அறையின் திரையில் உன் பத்தியைப் பார்த்தேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் மக்கள்தொகை, பொருளாதாரம் பற்றிய அறிக்கை. உன் பத்தியில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் எழுதியவர் என்று மேலாளரின் பெயர் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு அதைத் தொடங்கியது நாம் இருவரும்தான். தொழிற்சாலை வைக்க இடம் தேடிய ஓர் அமெரிக்க நிறுவனம் கேட்டிருந்தது. பெங்களூரை விட்டு அதிகம் நகராத நமக்கு அந்த மாநிலமே மனப்பாடமாகிவிட்டது. கடற்கரையில் கப்பல் கட்டுகிறார்கள். உள்ளே கோழி இறைச்சி ஆலைகள். ஆற்றோரச் சமவெளியில் பருத்தியும் மீன் பண்ணைகளும். மூன்றில் ஒருவருக்கு மேல் கறுப்பின மக்கள். படித்த பிள்ளைகள் வேறு மாநிலங்களுக்குப் போய்விடுகிறார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டும் இதையேதான் பேசுவோம்.

ஆற்றோர மக்களைப் பற்றி மேலாளர் எழுதச் சொன்ன வரி இது: 'திறன் குறைந்த தொழிலாளர்கள், குறைந்த கூலிக்குக் கிடைப்பார்கள்.' அதுவும் 'சாதகங்கள்' என்ற தலைப்பில்! நீ தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாய்.

"எங்கப்பா பீன்யா பட்டறைல முப்பது வருஷமா லேத் மெஷின் ஓட்றாரு. முடி அளவு பிசகினாலும் விரலால தடவியே சொல்லிடுவாரு. காலேஜ் படிக்கல. அப்போ அவரும் லோ ஸ்கில்லாடி?"

"க்ளையன்ட் கேக்கறதை எழுதிட்டுப் போயேன்டி" என்றேன் நான்.

நீ எழுதவில்லை. வேறொன்று எழுதினாய். இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி விளைவித்தவர்கள். வயலுக்கு இயந்திரம் வந்ததும் வேலை போயிற்று. பிள்ளைகளின் பள்ளிகளுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை. திறமை இல்லாமல் அல்ல, வாய்ப்புத் தராததால் ஏழைகள் ஆனவர்கள். இவ்வளவுதான் அந்தப் பத்தி.

மேலாளர் நம் மேஜைக்கே வந்தார். "ஏனம்மா, இது ஹிஸ்டரி க்ளாஸா? டெலீட் பண்ணு."

"எந்த லைன் தப்புன்னு சொல்லுங்க சார், எடுத்துடறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா, இது வேணுமா?"

"வேண்டாம் சார்" என்றேன்.

அடுத்த வாரமே, ஒத்துப்போகாதவள் என்று உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்தார்கள். மாதம் முடிவதற்குள் நீ ராஜினாமா செய்தாய். லிஃப்ட் வரை வந்தேன். "நல்லா இருடி" என்று சொல்லிவிட்டுப் போனாய். சென்ற மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அந்த நிறுவனம், உள்ளூர் மக்களின் கதையும் வேண்டும் என்கிறதாம். அதனால் பழைய கோப்பைத் தோண்டி உன் பத்தியை எடுத்திருக்கிறார்கள். நான் கூட்டத்திலேயே எழுந்து நின்றேன்.

"சார், இது அவ எழுதினது. இதுக்காகத்தான் அவளை ஓரங்கட்டினீங்க."

"அவங்கதான் இப்ப இல்லையேம்மா. பேர் போட்டு என்ன ஆகப்போகுது?"

"இருந்தப்போ பாராவை எடுத்தீங்க. இல்லாதப்போ பேரை எடுக்கறீங்களா?"

மதியத்துக்குள் அறிக்கையைத் திருத்தினார்கள். மேலாளர் பெயர் போய், 'ஆய்வுக் குழு' என்று வந்தது. உன் பெயர் வரவில்லை. என் பெயரையும் அந்த அறிக்கையிலிருந்து நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு நேரே ஜீவனஹள்ளிக்கு, உன் அம்மாவிடம் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பேசுவேன்னு எனக்குத் தெரியும்மா. அன்னிக்கும் நீ ஒருத்திதான் அவளுக்காகப் பேசினியாமே. வீட்டுக்கு வந்து சொன்னாளே."

"இல்லம்மா. அந்தப் பாரா வேண்டாம்னு சொன்னதே நான்தான்" என்றேன்.

அம்மா கையை விடவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். என்னைத் திட்டியிருக்கலாம், அம்மாவிடம் காட்டிக்கொடுத்திருக்கலாம். மேலாளர் நீ செய்ததைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். நீயோ, நான் செய்யாததை என் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். இனி ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நின்றாக வேண்டும்.