நடுவில் ஊற்றிய தண்ணீர்

என் அருமைப் பேத்திக்கு,

பாட்டி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வந்த கை கொஞ்சம் நின்றுவிட்டது. படித்தால் உனக்கே தெரியும்.

உன் பார்சல் வந்தது. கடைக்கு வருமுன்னே தாத்தாவுக்கென்று நீ அனுப்பிய, படுக்கையிலிருப்பவர்களுக்கு இடுப்பில் கட்டும் உங்கள் கம்பெனிப் புது பேடு இரண்டு பாக்கெட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கூட வைத்திருந்த கடிதத்தை மூன்று தரம் படித்தேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நீலம் கலந்து, பேடின் நடுவில் புனலால் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துக் காகிதம் வைத்து அழுத்தி, அது எவ்வளவு ஈரம் வாங்கியது என்று நிறுத்துப் பார்ப்பாயாமே. காகிதம் காய்ந்தே இருந்ததாம், பேடு தேறிவிட்டதாம். உடனே மாடிப்படியில் மேல்வீட்டுத் தையல்காரியை மறித்து, "என் பேத்தி கையெழுத்துப் போட்டாத்தான் பெட்டியே கம்பெனி கேட்டைத் தாண்டும், தெரியுமா?" என்றேன். "இதோட எத்தனாவது தடவைம்மா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சொல்லத்தான் செய்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதுசு கட்டிய முதல் நாளே காலையில் விரிப்பு நனைந்திருந்தது. நான்தான் சரியாகக் கட்டவில்லை என்று நினைத்தேன். மறுநாள் தாத்தாவைப் பார்க்க வரும் நர்ஸம்மாவே கட்டிவிட்டுப் போனாள். அப்படியும் இடது பக்கம் தொப்பல். மூன்றாம் நாளும் அதே கதைதான். விரிப்பு, கீழ்விரிப்பு, அவர் வேட்டி, என் புடவை. பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. களைப்பு என்ற சொல்லை எழுதக் கூடாது என்று உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன்.

துவைப்பதுகூடப் பெரிதில்லை. தாத்தா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். "குடிச்சாத்தானே நனையும், நனைஞ்சாத்தானே நீ துவைச்சுச் சாகணும்" என்கிறார். நாளுக்கு ஒரு டம்ளர், அதுவும் மாத்திரையை விழுங்க. நர்ஸம்மா அவரை விட்டுவிட்டு என்னைத் திட்டினாள். போன மாதம் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்ததே, "இன்னொரு தடவை வந்தா இந்த உடம்பு தாங்காதும்மா" என்றாள்.

உன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் நானும் உன்னைப் போலவே சோதித்துப் பார்த்தேன். சிரிக்காதே. துணிக்குப் போடும் நீலத்தை உப்புத் தண்ணீரில் கலக்கினேன். ஒரு தலையணையைச் சுருட்டி இடுப்பு மாதிரி கட்டி, அதில் பேடைச் சுற்றி, தாத்தா படுக்கிற மாதிரி இடது பக்கமாகச் சாய்த்து, பாரத்துக்கு மேலே நம் தையல் மிஷினின் தலையைத் தூக்கி வைத்தேன். புனலில் குழாய் மாட்டி ஒரு டம்ளர், அரை மணி கழித்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. கட்டிலிலிருந்து தாத்தா, "என்னடி, கையெல்லாம் மை? மறுபடி பள்ளிக்கூடத்துல சேர்ந்துட்டியா?" என்று கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கிண்டல்.

இரண்டு டம்ளர் தாங்கியது. மூன்றாவது, இடது ஓரத்தில் நீலமாக வழிந்தது. இதுவரை கட்டிவந்த உங்கள் பழைய தடிமன் பேடோ நாலு டம்ளர் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. புதுசைக் கத்தரித்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நாலு விரற்கடை அகலத்துக்குப் பஞ்சே இல்லை. நீ மல்லாந்து கிடக்கிற பேடில் ஊற்றினாய். பக்கவாதம் வந்த நாளிலிருந்து தாத்தா மல்லாந்து படுத்திருக்கிறாரா? நடுவில் ஊற்றி நடுவிலேயே காகிதம் வைத்தால் நடுவு நல்ல பேர்தான் வாங்கும், கண்ணு.

பதினைந்தாம் தேதிக்குள் கையெழுத்து வேண்டும் என்று மேனேஜர் ஒற்றைக்காலில் நிற்கிறார், போட்டால் சோதனை அறைக்கே நீ பொறுப்பு, அத்தோடு பழைய பேடு நிறுத்தம் என்று எழுதியிருந்தாய். உன் உயர்வுக்குக் குறுக்கே நிற்க எனக்கு மனசு வருமா? அவரிடம் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம், கிழவிக்கு என்ன தெரியும் என்பார். நீயே ஒரு தரம் சாய்த்து வைத்து, பாரம் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார். ஓரத்தையும் பார். அதற்குப் பிறகு உன் கை என்ன எழுதுகிறதோ எழுதட்டும்.

இன்று காலை ஒரு காரியம் செய்துவிட்டேன். பழைய பேடைக் கட்டிவிட்டு, "பேத்தி எழுதியிருக்கா, புதுசுல ஓரம் சரியில்லையாம், சரி பண்ணாம கையெழுத்துப் போட மாட்டாளாம்" என்று தாத்தாவிடம் சொன்னேன். "அவளே சொன்னாளா?" என்றார். "ஆமா, அவளேதான்" என்றேன். பிறகு தண்ணீர் கேட்டார். முழு டம்ளரும் குடித்தார்.

நீ சொல்லாததைச் சொன்னேன், அவரும் நம்பிக் குடித்துவிட்டார். நான் சொன்னது பொய்யாகப் போகாமல் பார்த்துக்கொள், ராசாத்தி. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
பாட்டி