முக்காடு வேண்டாம்

மருமகள் ரஜ்வந்திக்கு,

மாமனார் மருமகளிடம் நேரில் பேசும் வழக்கம் நம் வீட்டில் இல்லை, எழுதி வைக்கிறேன். உன் ஹீமோகுளோபின் ஐந்திலிருந்து பதினொன்றுக்கு ஏறிவிட்டது. இனி ரத்தம் ஏற்ற வேண்டாமாம். ஜெயித்துவிட்டாய்!

மதியம் ரோத்தக்கிலிருந்து என் அக்கா வருகிறாள். கம்பங்கிச்சடியில் நெய்யைத் தாராளமாக ஊற்று. முகத்தை மறைத்து முக்காடு போடாதே. நேற்று வாசலில் முகம் தெரிய நின்றாய் என்று கத்தினேன், அதை மறந்துவிடு.

"மருமகளுக்கு மீசை முளைச்சிருச்சாமேடா?" என்று அக்கா போனில் சிரித்தாள்.

"ஆமாக்கா, உசுரைக் காப்பாத்துன ஸ்டீராய்டு மாத்திரை முளைக்க வச்சது. நம்ம வீட்டு மானத்துக்கு இப்ப ரெண்டு மீசை" என்றேன்.

தாராசந்த்

பி.கு: உடம்பு ஏற்ற ஆசைப்பட்டுப் பயில்வான்கள் யாராவது உன் மாத்திரையைக் கேட்டால் என்னிடம் அனுப்பு, தடி இருக்கிறது.

மீசைக்கு வெட்கப்பட்டு நீ மாத்திரையை நிறுத்திவிடாதே. அது ஈரலைக் கெடுக்கலாம் என்பதால் வியாழன் பரிசோதனை, நானே கூட்டிப்போகிறேன். அங்கேயும் முக்காடு வேண்டாம்.