கான்கிரீட்டில் ஓர் ஏணை வளையம்

1932 நவம்பர் 7, திங்கள், காலை 6.10. சிமெண்ட் நாற்பத்திரண்டு மூட்டை. தூறல்.

ஆம்பூர். தோல் மண்டி சாயபுவின் புது வீடு. என் முதல் சொந்த பிளான். மூன்று வருடம் முதலாளியின் வேலூர் ஆபீசில் வெறும் டிரேசிங். இப்போது சைட்டு முழுக்க என் தலையில். சம்பளம் அதே முப்பது. வீட்டை ஒப்படைத்ததும் நாற்பது என்றார். வந்தால் தனி வீடு எடுத்து, விரிஞ்சிபுரத்தில் தாய்வீட்டிலிருக்கும் மனைவி எஸ்தரை அழைத்துக்கொள்ளலாம். அவளுக்கு ஆறாம் மாதம்.

மேல்தளத்துக்குக் கலவை கொட்டும் நேரத்தில் சாயபு: "தம்பி, எம் பொண்ணு கேக்குது. மர உத்தரமே இல்லியே, கொழந்த பொறந்தா ஏணை எதுல கட்றதாம்?"

அவருடைய வண்டியின் திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்: "பிளான் போட்டவருக்குக் கல்யாணம் ஆவலியான்னும் கேளுங்க."

கொத்தாட்கள் சிரித்தார்கள். கோபம், என்மேல்தான். தளம் இறுகினபின் ஏணைக்கு வளையம் மாட்ட முடியாது. கொல்லனிடம் ஓடி வாங்கிவந்து, தளத்துக் கம்பியோடு நானே கட்டினேன். ஒரு மணி தாமதம்.

14, திங்கள்

வெயில். தளம் நன்றாக இறுக அதன்மேல் தண்ணீர் தேக்கினோம். சட்டையில் தோல் நாற்றம், துவைத்தும் போகவில்லை. எஸ்தருக்குக் கடிதம் பாக்கி.

16, புதன்

மழை. முதலாளி வந்தார்.

"வெள்ளிக்கிழம சாயபு குடி வர்றார். தளத்துக்குக் கீழ இருக்கிற முட்டெல்லாம் எடுத்துடு."

"ஒம்போது நாள்தான் சார் ஆவுது, இருவத்தெட்டு நாள் நிக்கணும். எடுத்தா தொங்கிடும்."

"இன்னாபா, நாப்பது ரூபா வேணாமா?"

"வேணும் சார். அதுக்குக் கீழ ஒரு கொழந்த தூங்கப் போவுது."

"பேஜார் புடிச்சவன்யா நீ. அப்ப அந்த நாப்பத தைக்கு அப்புறம் பாக்கலாம்."

போய்விட்டார். முட்டு நிற்கிறது.

20, ஞாயிறு

எஸ்தர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். டிரங்குப் பெட்டியோடு. சொல்லாமல்.

நாற்பது இப்போதைக்கு இல்லை என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

"நாப்பது வந்தாதான் வருவேன்னு நானா சொன்னேன்? நீங்களே கணக்குப் போட்டுக்கினீங்க."

என்னோடு தங்கியிருந்த மேஸ்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு, சாயபு இன்னும் குடிவராத சைட்டுக்குப் படுக்கப் போனார். எஸ்தர் அறையைப் பெருக்கினாள். அண்ணாந்து மர உத்தரத்தைப் பார்த்தாள்.

நாளை:

1. தளத்துக்குத் தண்ணீர், இரு வேளை.
2. டிசம்பர் 5 வரை முட்டுகளை எவனும் தொடக்கூடாது.
3. முதலாளிக்கு எழுத: தை வரை பொறுப்பேன். அதற்குமேல் இல்லை.
4. கொல்லனிடம் அதே அளவில் இன்னொரு வளையம், எங்கள் அறை உத்தரத்துக்கு.