அட்ராக்டா உட்கார்ந்திருக்கும்போதே அவள் பாட்டை வாசித்தது

ஜனவரி 8, 1998

இன்று அயர்லாந்தின் கிளேர் மாவட்டமே திரண்டு வந்து என் காலில் விழுந்திருக்க வேண்டும்; மழையால் யாரும் வரவில்லை போலும். அக்கா அட்ராக்டாவின் பாட்டைக் கிட்டாருக்குள் இறக்கிவிட்டேன் – கடல்பாசி அள்ளப் போய்த் திரும்பாதவனைப் பற்றிய அந்த நாட்டுப் பாட்டை. மூன்று தந்திகளைத் தளர்த்தி, கட்டைவிரலால் அடியில் ஒரே சுரத்தை அலைபோல உருட்டி, மற்ற விரல்களால் பாட்டை நத்தை வேகத்தில் நடத்துவது. இந்தப் பாணியைக் கண்டுபிடித்தவர், ஒரே வித்வான், ஒரே ரசிகர், எல்லாம் அடியேன்தான். பூனை எழுந்து போகவில்லை. பூனை உலகில் அது பட்டாபிஷேகம்.

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்காவுக்குக் குரல் இல்லை. அவள் பாட்டை அவளுக்கே திருப்பித் தரப்போகிறேன். ஞாயிறன்று.

ஜனவரி 11

நாசமாய்ப் போனேன்.

ஜனவரி 12

நேற்று டைகின் மதுக்கடையில் மதியப் பாட்டுக்கூட்டம். அக்கா மூலையில், கழுத்தில் துணி சுற்றியபடி. வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன், அதுதான் கொடுமை. ஒருவரும் கை தட்டவில்லை. பியர் நுரை அடங்கும் சத்தம் கேட்டது. அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி நடந்துவிட்டாள்.

"யோவ் மாலக்கி," என்றான் டைக். "பாடுறவ உள்ள உக்காந்திருக்கும்போதே அவ பாட்டைத் தொடலாமாய்யா? செத்தவங்க பாட்டைத்தானே அடுத்தவன் எடுப்பான்?"

"நான் பாடலையே. வாசிச்சேன்."

"பொணத்தைத் தூக்கல, காலை மட்டும்தான் புடிச்சேன்னு சொல்லு."

எனக்கு இது தெரியாதா? தொட்டிலிலேயே தெரியும். ஆனால் கிட்டாருக்கு வாய் இல்லை, ஆகவே வழக்கம் அதற்குப் பொருந்தாது என்று என் மேதாவி மண்டை தீர்ப்பு எழுதிவிட்டது. ஊர் கூடிய இடத்தில், அவள் முகத்துக்கு நேரே, உன் கதை முடிந்தது என்று சொல்லிவிட்டேன். அட பாவி. அட பாவி மாலக்கி.

ஜனவரி 20

அக்கா மகள் டெர்வ்லா போன் செய்தாள். "இங்க வராதீங்க மாமா. டாக்டர் சொன்னப்பகூட அம்மா அழல. இப்ப அழறாங்க. சத்தமே வராம அழறாங்க."

சத்தமே வராமல்.

பிப்ரவரி 1

புனித பிரிஜித் திருநாள். இன்றிலிருந்து வசந்தமாம், வானத்துக்கு யாரும் சொல்லவில்லை. இந்நாளின் வழக்கப்படி நாணலில் சிலுவை பின்னி அக்கா வாசலில் வைத்தேன். லாரியில் அடிபட்ட சிலந்தி மாதிரி இருந்தது. திரை அசைந்தது. கதவு அசையவில்லை.

பிப்ரவரி 9

கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். கடலில் எறிந்திருப்பேன், மீன்கள் என்ன பாவம் செய்தன?

பிப்ரவரி 17

எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 24

டெர்வ்லா வந்தாள். "ஞாயித்துக்கிழமை அம்மா கூட்டத்துக்கு வர்றாங்க. நீங்க கிட்டாரோட வரணுமாம்."

"எதுக்குடி? என் மண்டையில ஒடைக்கவா?"

"அதைத்தான் கேட்டேன். சிரிச்சாங்க மாமா. எனக்கே பயமாயிருச்சு."

மார்ச் 1

அக்காவின் முறை வந்தபோது டைக் தலையைக் குனிந்துகொண்டு அடுத்தவரைக் கூப்பிடப் பார்த்தான். அவள் மேசையைத் தட்டினாள். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாடுகிறவரின் கையைப் பக்கத்திலிருப்பவர் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். என் கைகளுக்கு வேலை இருந்ததால் முழங்கையைப் பிடித்தாள். வாசி என்று அவள் உதடு சொன்னது.

இரண்டாவது அடியின் முடிவில் அவசரமாகத் தாண்டப் பார்த்தேன். பிடி இறுகியது. அவள் மூச்சு வாங்கும் இடம் அது. காத்திருந்தேன். தளர்ந்தது. போனேன். பாட்டு முழுக்க அப்படித்தான்.

"மகராசி!" என்று கத்தினான் டைக், அவளைப் பார்த்து.

அவள் எல்லோரும் பார்க்கும்படி என் மார்பில் விரலை வைத்தாள். "உன்னுது" என்றாள், உதட்டால்.

அதன் பிறகு கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். நான் உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

ஆக, இனி அது என்னுடைய பாட்டு. எனக்கு அது வேண்டாம். யாரிடம் சொல்ல?

காலையில் இரண்டாவது அடியை மறுபடி பார்க்க வேண்டும். அங்கே இன்னும் அவசரப்படுகிறேன்.