சொரசொரப்புப் பக்கம்

தையல் மிஷினுக்கு ஒரு திருகாணி தேடப்போய் உங்கள் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிட்டேன். மூடியைத் தூக்கியதும் பித்தளையும் விளக்கெண்ணெயும் கலந்த அந்த வாடை வந்தது. நீங்கள்தான் ஸ்டுடியோ அறையிலிருந்து வந்து நிற்கிறீர்கள் என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினேன். நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. இன்னமும் எனக்கு இந்தப் புத்திதான்.

டப்பா நிறைய உங்கள் கேமராவின் பழைய சாமான்கள். பல் தேய்ந்த பித்தளைச் சக்கரம், விறைப்புப் போன வில்தகடு, மரை அழிந்த திருகாணிகள், கேமராவின் மடிப்புத் துருத்தியிலிருந்து கத்தரித்த தோல் துண்டுகள். கழற்றிப் போட்டதையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "இத்தன வருசம் ஒழைச்சிருக்கு, குப்பையிலயா போடுறது?" என்றீர்கள். அது உழைப்புக்குச் செய்த மரியாதையா, எதையும் தூக்கியெறிய மனசு வராத கஞ்சத்தனமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்களிடம் எனக்கு விளங்காதது இது ஒன்றுதானா என்ன.

நம் கல்யாணம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நடந்தது. இனி ராஜா உண்டா இல்லையா, வரி யாருக்குக் கட்டுவது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. எனக்கோ வேறு கவலை. திருக்கோகர்ணத்து வீட்டுக்குள் காலடி வைத்ததும், முன்னறையில் முக்காலி மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு யாரோ குனிந்து நிற்பதுபோல் தெரிந்தது. யாரோ பெரியவர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன். "அது கேமரா, புள்ள" என்று நீங்கள் சொன்னபோது சிரிக்கவில்லை. அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போனது. பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள், அது வேறு கதை.

அந்தக் கேமரா உங்கள் அப்பா வாங்கியது. நான் வந்தபோது மாமாவுக்குப் பார்வை முழுசாகப் போயிருந்தது. தினம் காலையில் கேமராவைத் தடவித் தடவித் துடைப்பார். எந்தத் திருகாணி ஆடுகிறது என்று விரலாலேயே கண்டுபிடித்துச் சொல்வார். நீங்கள் சற்றுத் தள்ளி நின்று அவர் விரலைப் பார்க்காமல் கண்ணைப் பார்ப்பீர்கள். எதற்கு அப்படிப் பார்க்கிறீர்கள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

மாமா காலமான பிறகு கேமராவில் ஒவ்வொன்றாகப் பழுதானது. சீமைப் பெட்டிக்குச் சாமான் எங்கே கிடைக்கும்? நகை செய்கிற ஆசாரியிடம் பித்தளைச் சக்கரத்தைக் காட்டி அதே மாதிரி ஒன்று அராவி வாங்கினீர்கள். கெட்டுப்போன கடிகாரத்தின் வில்லை வெட்டி, பின்பக்கச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்க வைத்தீர்கள். செருப்புத் தைக்கிறவர் துருத்தியின் மூலைகளுக்குத் தோல் ஒட்டிக்கொடுத்தார். படம் பிடிக்க அமுக்குகிற ரப்பர் பந்து வெடித்தபோது, ஒரு பழைய காரின் ஹாரன் பந்து வந்து சேர்ந்தது. "இனிமே போட்டோவுக்கு உக்காருறவங்க ஓரமா ஒதுங்கிக்குவாங்க" என்றேன். நீங்கள் முறைத்தீர்கள், ஆனால் உதடு சிரித்தது.

கந்தர்வகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்ததில், பின்பக்கத்துச் சொரக்கண்ணாடி உடைந்தது. முகம் தெளிவாக விழுகிறதா என்று போர்வைக்குள் தலையை விட்டுப் பார்ப்பீர்களே, அந்தக் கண்ணாடி. ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பில்தான் உருவம் தலைகீழாக வந்து நிற்கும். அதற்கும் மாற்று நீங்களே செய்தீர்கள். ஜன்னல் கண்ணாடியில் துண்டு வெட்டி, பஸ் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் வால்வு தேய்க்கிற எமரிப் பொடியை வாங்கிவந்து, கொல்லைத் துவைகல் மேல் வைத்து மத்தியானம் முழுக்கத் தேய்த்தீர்கள். நான் சொம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். கழுவி வெயிலில் பிடித்தபோது பாலாடை மாதிரி இருந்தது. பழைய கண்ணாடியில் கோடுகள் செதுக்கியே வந்திருந்தன, மார்பளவு இதுவரை, முழு உருவம் இதுவரை என்று. புதியதில் நீங்கள் பென்சிலால் போட்டீர்கள். வழவழப்பில் பென்சில் பிடிக்காது. அழித்து அழித்துப் போட வசதியாகச் சொரசொரப்புப் பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி மாட்டினீர்கள். எவ்வளவு யோசித்துச் செய்கிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படமும் சரியில்லை.

கறம்பக்குடியிலிருந்து கல்யாணப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவர் ஞாபகம் இருக்கிறதா? பெண்ணின் அப்பா, நல்ல மனுஷர், சத்தம்கூடப் போடவில்லை. "பின்னாடி நிக்கிற எம்மச்சான் மீச மசுரு மசுரா தெரியுதுங்க. முன்னாடி உக்காந்திருக்க மாப்பிள்ள மூஞ்சிதான் ஆவி அடிச்ச மாதிரி இருக்கு. மச்சானுக்கா கல்யாணம்?" என்றார். நான் அடுப்படியில் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் கிட்டத்தில் ஒருமுறை, எட்டத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தீர்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மோரை ஊற்றிவிட்டுப் பிசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"பொட்டி புதுசாயிருச்சு. பழசா இருக்கறது எங்கண்ணு ஒண்ணுதான்" என்றீர்கள்.

மாமாவுக்கும் இந்த வயசில்தான் ஆரம்பித்ததாம். திருச்சிக்குப் போய் டாக்டரைப் பார்த்தீர்கள். மூக்குக்கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படத்திலும் நாற்காலி முதுகின் கொடி வேலைப்பாடு பளிச்சென்று இருந்தது, உட்கார்ந்திருந்தவர் முகம் கரைந்திருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் "அதெல்லாம் ஒனக்கு வேண்டாம்" என்பீர்கள். கேமராவை விற்கப்போகிறேன் என்று சொன்னது அந்த வாரம்தான். காரைக்குடியிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கப்புறம் நாம் என்ன செய்வது என்பதை நீங்கள் சொல்லவில்லை, எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

அவர் வருவதற்கு முன்னால் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டீர்கள். நீங்கள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "போர்வைக்குள்ள போயிப் பாரு. எம்மூஞ்சி எப்பத் தெளிவா இருக்கோ அப்ப திருகுறத நிறுத்து" என்றீர்கள். அத்தனை வருஷத்தில் அந்தத் துணிக்குள் நான் தலையை விட்டதே இல்லை. உள்ளே இருட்டு, உங்கள் தலையெண்ணெய் வாசம். கண்ணாடியில் நீங்கள் தலைகீழாகத் தொங்கினீர்கள். எனக்குத் தலை சுற்றியது. குமிழைத் திருகினேன், போனீர்கள், வந்தீர்கள். ஒரு இடத்தில் உங்கள் புருவம் தனியாகத் தெரிந்தது. "ஆங், இதான்" என்றேன். படமும் எடுத்தோம். கழுவிப் பார்த்தால் அதே நாற்காலி வேலைப்பாடு, அதே கரைந்த முகம்.

இரண்டு பேருக்கும் ஒன்றாகவா கண் போகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

"நான் நிறுத்தியிருந்த எடத்துலயே நீயும் நிறுத்தியிருக்க. எனக்காகச் சொல்லாத புள்ள."

"நான் பாத்துத்தாங்க சொன்னேன்."

"சரி விடு" என்றீர்கள். அந்த "சரி விடு" எனக்கு எவ்வளவு சுட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கண்ணை நீங்கள் நம்பாவிட்டால் போகட்டும். என் கண்ணையும் சேர்த்தா? கோபத்தில் அப்புறம் உங்களோடு சரியாக முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் போகப் போக எனக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே பார்த்தேனா, இல்லை உங்களுக்குக் கண் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் ஆமாம் போட்டேனா? முன்பின் பார்த்திராத ஒன்று தெளிவாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னேன்?

காரைக்குடிக்காரர் வருகிற அன்று காலையில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டப்பாவில் கிடந்த உடைந்த கண்ணாடித் துண்டையும் அவரிடமே கொடுத்துவிடலாம் என்று எடுத்துத் துடைத்தேன். அதில் பிசுபிசுவென்று எண்ணெய்க் கறை. உங்கள் நெற்றி பட்டுப் பட்டு ஏறியது. வழவழப்புப் பக்கம் மட்டும் இருந்தது, சொரசொரப்பில் பொட்டுக் கறை இல்லை. புதுக் கண்ணாடியைத் துடைக்கப் போனால் எண்ணெய் சொரசொரப்புப் பக்கம் ஏறியிருந்தது. துணி போட்டுத் தேய்த்தாலும் போவேனா என்றது. எனக்கு அதில் வேறொன்றும் தோன்றவில்லை. எரிச்சலில்தான் கேட்டேன்.

"ஏங்க, பழசுல எண்ண வழவழப்புப் பக்கம் இருக்கு. இதுல மட்டும் ஏன் சொரசொரப்புல ஏத்தி வச்சிருக்கீங்க? எப்படித் தொடைக்கிறதாம்?"

நீங்கள் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தீர்கள். பழைய துண்டை வாங்கி விரலால் தடவினீர்கள், மாமா தடவுகிற மாதிரியே. புதியதையும் தடவினீர்கள். பிறகு திருப்புளியை எடுத்துவந்து, நாலு மூலையையும் கழற்றி, கண்ணாடியைப் பக்கம் மாற்றி மாட்டினீர்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். நான் வேலைச் சேலையோடு, தலைகூட வாராமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தில் என் கண்ணிமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் நாற்காலி லேசாக மங்கியிருந்தது. சொரசொரப்பு லென்ஸைப் பார்த்துத்தான் இருக்க வேண்டுமாம், படம் பதிகிற பிளேட் வந்து நிற்கிற இடமும் அதுதானாம். கண்ணாடி கனத்தளவு அது பின்னால் தள்ளிப்போனதில், தெளிவு முகத்தை விட்டு நாற்காலிக்குப் போயிருந்ததாம். இதைச் சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். காரைக்குடிக்காரர் காபி குடித்துவிட்டுப் போனார்.

நீ பார்த்தது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆனால் அடுத்த படத்துக்கு ஆள் வந்தபோது உள்ளே குரல் கொடுத்தீர்கள். "இங்கிட்டு வா. பாத்துச் சொல்லு." கை மாவோடு வந்து போர்வைக்குள் தலையை விட்டேன். "சரியா இருக்குங்க" என்றேன். அன்று முதல் கடைசி வரைக்கும் நான் பார்த்துச் சொல்லாமல் நீங்கள் ஒரு பிளேட்கூடப் போடவில்லை. கல்யாணங்களுக்கும் என்னைக் கூட்டிப்போனீர்கள். பொம்பள வந்து பொட்டிக்குள் தலையை விடுகிறாளே என்று ஊர் பேசியதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு விளங்காதது இதுதான். என்னை நம்பாமல் போனதற்கு ஈடு செய்தீர்களா? அல்லது டாக்டர் உண்மையாகவே ஏதோ சொல்லியிருந்து, என் கண்ணை வைத்து ஓட்டினீர்களா? குற்றம் சொரக்கண்ணாடியில் என்று தெரிந்த பிறகும் திருச்சி மூக்குக்கண்ணாடியை நீங்கள் கழற்றவே இல்லையே. கேட்டிருந்தால் "சரி விடு" என்றிருப்பீர்கள். எனக்கு அந்தச் சொல் மறுபடி வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

டப்பாவில் மிஷினுக்குத் தோதான திருகாணி இல்லை. கேமராவின் குமிழ் ஆடிக்கொண்டிருந்ததற்குத்தான் ஒன்று பொருந்தியது. அதை மாட்டி இறுக்கினேன். சும்மா இருக்க முடியாமல் போர்வைக்குள் தலையை விட்டேன். எண்ணெய் வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கண்ணாடியில் காலி நாற்காலி தலைகீழாக நின்றது. குமிழைத் திருகினேன், கொடி வேலைப்பாடு இலை இலையாகத் தெளிந்தது. அங்கே நிறுத்தவில்லை. அந்த இலைகள் லேசாக மங்குகிற வரைக்கும் திருப்பினேன். உட்கார்ந்தால் உங்கள் முகம் வருகிற இடம் அது.

"சரியா இருக்குங்க" என்றேன்.