ஐப்பசிக்கு எந்த நாடு

இன்று காலையில் பீரோவைத் திறந்தேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி நம் மகள் பெங்களூரிலிருந்து கேட்டிருந்தாள். பாஸ்போர்ட்டுக்கு அடியில் நீ மடித்து வைத்த ஸ்வெட்டர் இருந்தது. அதே கத்தரிப்பூ நிற ஸ்வெட்டர். அதற்கும் அடியில் மழைக்கோட்டு. இரண்டிலும் கடைக்காரன் கட்டிய சீட்டு அப்படியே தொங்குகிறது. அந்துருண்டை வாசம் குப்பென்று மூக்கில் ஏற, கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எதற்குத் திறந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்து போயிற்று.

ஸ்வெட்டர் ஜப்பானுக்கு. மழைக்கோட்டு வியட்நாமுக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் வாங்கி வைத்தவள் நீ. ஒன்றை மட்டும் வாங்கியிருந்தால் இன்று எனக்கு இந்தப் பாடு இல்லை.

காரிமங்கலத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவன் பெண்டாட்டிக்கு வெளிநாடு பார்க்கும் ஆசை வந்தது ஊருக்கே வேடிக்கையாக இருந்தது. சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் நமக்கு மாங்காய். தை பிறந்தால் புளி. நடுவில் கிடைப்பதுதான் நமக்கு ஓய்வு. அதிலும் புரட்டாசியை நீயே கழித்துக் கட்டினாய். "அங்க போயி எல்லாத்துலயும் மீனப் போட்டுக் குடுப்பாங்க. சனிக்கெழமை வெரதத்துக்கு நான் என்னத்தத் திங்கறது?" என்றாய். ஆவணி கல்யாண மாதம், கார்த்திகையும் மார்கழியும் கோயிலுக்கு என்றாய். மிஞ்சியது ஐப்பசி. ஜப்பானில் அப்போதுதான் இலையுதிர் காலம் என்று போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தவளும் நீதான்.

மண்டியில் நான் லாரியில் காய் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓடி வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "ஏங்க, இங்க பாருங்க. மரமெல்லாம் தீப்புடிச்சாப்பல நிக்குது. ஜப்பானாம்."

"இலை கொட்றதப் பாக்க ஜப்பானுக்குப் போவணுமா? மாசியில வத்தல்மலை ரோட்டுல போயி நின்னா, தலைமேலயே கொட்டுமே" என்றேன்.

"இங்க காஞ்சு கொட்டுது. அங்க செவந்து கொட்டுது. ரெண்டும் ஒண்ணா?"

அடுத்த வாரம் வியட்நாம் வந்தது. கடலில் வட்டமாக ஒரு கூடைப் படகு, அதற்குள் நின்று ஒரு பெண் துடுப்புப் போடுகிறாள். "அய்யோ, நம்ம ஒகேனக்கல் பரிசலுங்க!" என்று கத்தினாய். பரிசல் ஏற ஒகேனக்கல்லுக்கு பஸ் இருக்கிறதே, வறுத்த மீனும் கிடைக்குமே என்று கேலி செய்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. நம்மைப் போலவே அங்கேயும் ஒருத்தர் பரிசல் விடுகிறார் என்றால் அவரைப் போய்ப் பார்க்க வேண்டாமா என்று கேட்டாய்.

சரி, போகலாம் என்று நான் ஒத்துக்கொண்ட பிறகுதான் சிக்கலே வந்தது. எந்த நாடு? "உங்களுக்கு எது புடிக்குதோ அது" என்றாய் நீ. "உனக்காகத்தானே போறோம், நீயே சொல்லு" என்றேன் நான். நம் கல்யாண வாழ்க்கை முழுக்க இதுதானே நடந்தது? வீட்டுக்கு எந்த வண்ணம் அடிப்பது என்பதில் ஆரம்பித்து மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது வரைக்கும், நீ என்னைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்ப்பேன். சண்டை போடாத தம்பதி என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். தருமபுரி டிராவல்ஸ் தம்பி எனக்கு போன் பண்ணினால் "வூட்ல கேட்டுச் சொல்றேங்க" என்பேன். உனக்குப் பண்ணினால் "அவருகிட்ட கேட்டுச் சொல்றேன் தம்பி" என்பாய். பாவம் அந்தப் பிள்ளை, நம் இரண்டு பேருக்கும் நடுவில் பந்தாக உருண்டான்.

கடைசியில் மாரியம்மனிடம் பூக் கேட்கலாம் என்று நீதான் சொன்னாய். ஆத்தா சிலையின் வலது தோளில் வைக்கும் பூ விழுந்தால் ஜப்பான், இடது தோள் பூ விழுந்தால் வியட்நாம். பூசாரி பூவைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன காரியம்மா?" என்றார்.

"வெளிநாடு போறதுங்க."

"வேலைக்கா?"

"இல்லீங்க. சும்மா பாக்கறதுக்கு."

பூசாரி உன்னை ஒரு பார்வை பார்த்தார். "கல்யாணம், கெணறு வெட்றது, வூடு கட்றதுன்னா கேக்கலாம். சும்மா பாக்கறதுக்கெல்லாம் ஆத்தாகிட்ட பூக் கேப்பாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். நீ கையைக் கூப்பி, கண்ணை இறுக மூடி நின்றாய். பூ அசையவில்லை. நமக்குப் பின்னால் வந்தவர்கள் கும்பிட்டுத் திருநீறு வாங்கிப் போனார்கள். வெயில் ஏறியது. நடை சாத்தும் நேரத்தில் பூசாரியே சலித்துப்போய், "ஆத்தாளுக்கு அந்த ஊருங்க தெரியாதாட்டம் இருக்குதும்மா" என்றார்.

வண்டியில் திரும்பி வரும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஆத்தாளும் நம்மளாட்டந்தாங்க. நீயே சொல்லுன்னு வுட்டுட்டா."

அந்த வருஷ ஆடி போனால் ஐப்பசிக்குள் முடிவு பண்ணிவிடலாம் என்று இருந்தோம். அந்த ஆடியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணி வேணுமா, போர்வை வேணுமா என்றெல்லாம் கேட்டேன். எந்த நாடு என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

உன் வருஷத் திதி முடிந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஆசப்பட்டத நீங்களாச்சும் போயிப் பாருங்கப்பா. குரூப்போட அனுப்பி வெக்கறேன்." மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு, அந்த ஸ்வெட்டரை யாராவது ஒருநாள் அந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டாமா என்று தோன்றியது. சரி என்றேன். அடுத்த கேள்வியை உடனே கேட்டாள். "ஜப்பானா, வியட்நாமாப்பா? அம்மாவுக்கு எது ரொம்பப் புடிச்சிருந்துச்சு? உங்களுக்குத்தான தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. அதுதான் இப்போது என்னைக் கொல்கிறது. உனக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். எந்தக் காலில் வலி என்று தெரியும். செவந்து கொட்டும் இலையா, கடலில் ஆடும் பரிசலா, இதில் எதைக் கேட்டு உன் மனசு அடித்துக்கொண்டது என்று மட்டும் தெரியவில்லை. ஜப்பானுக்குப் போனால், பரிசல் ஏற ஆசைப்பட்ட நீ இந்த வீட்டிலேயே தனியாக உட்கார்ந்திருப்பாய் என்று படுகிறது. வியட்நாமுக்குப் போனாலும் அப்படியே. உன் போனை எடுத்து எந்த வீடியோவை அதிகம் பார்த்தாய் என்று தேடினேன். சரிக்குச் சரியாகக் கலந்து கிடக்கிறது.

கோயிலுக்குப் போய் மறுபடி பூக் கேட்கலாம்தான். வாசல் வரைக்கும் ஒருநாள் போனேன். செருப்பைக் கழற்றினேன், மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஒருவேளை பூ விழுந்துவிட்டால்? நீ அத்தனை நேரம் கண்மூடி நின்றபோது சொல்லாதவள், எனக்கு மட்டும் எப்படிச் சொல்லலாம்? ஆத்தா மேல் எனக்குக் கோபம் வந்துவிடும் என்று பயந்தேன். கோபித்துக்கொள்ள எனக்கு இன்னும் மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான்.

பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, ஸ்வெட்டரையும் மழைக்கோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மகளாக இருக்கும் என்று எடுத்தேன். டிராவல்ஸ் தம்பி. நீ போனது அவனுக்குத் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்?

"சார், நல்லா இருக்கீங்களா? ஐப்பசி குரூப் போட்டாச்சு சார். ரெண்டுலயும் எடம் இருக்குது. ஜப்பானா, வியட்நாமா? அம்மா என்ன சொல்றாங்க?"

நீ இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் இத்தனை வருஷமாக இந்த நாக்குக்குப் பழகியதுதான் வந்தது.

"வூட்ல கேட்டுச் சொல்றேங்க தம்பி."

"சரிங்க சார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கேட்டுச் சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டான்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மண்டிக்குக்கூட இன்னும் போகவில்லை. கேட்டுவிட்டேன், சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் இருப்பேன். இந்த ஒரு தடவை மட்டும் உங்க இஷ்டம் என்று சொல்லிவிடாதே.